தீவில் கடல் படிப்புப் பயணம்: மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் என்று எங்கிருந்து கிளம்பினாலும், கடல் உயிரியல் களப்பயணத்துக்கு முதல் வாரம் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட பாணியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இரண்டு வகைப் பயணங்களுக்குப் பொருந்தும்: செயின்ட் ஜான்ஸ் தீவு, சிஸ்டர்ஸ் தீவுகள், புலாவ் உபின் போன்ற உள்ளூர்த் தீவுகளுக்கு ஒருநாள் பயணம், மலேசியாவின் தியோமான் தீவுக்கு நான்கைந்து நாள் பயணம். உங்கள் பள்ளியின் விதி இதற்கு மாறாக இருந்தால் பள்ளி சொல்வதையே கேளுங்கள்.

கடல் பயணம்னா பீச்சுக்குப் போறதுதானே? எதுக்கு இவ்வளவு ஃபார்ம், இவ்வளவு பிரீஃபிங்?

போகிற இடம் மணல் கரை இல்லை. கடல் வற்றும்போது வெளியே தெரியும் பவளத்திட்டு, கடற்புல் வெளி, அலையாத்திச் சேறு இவற்றில்தான் நடப்பீர்கள், குனிந்து எண்ணுவீர்கள், எழுதுவீர்கள். முழங்கால் வரை சேறு, வழுக்கும் பாறை, முள் உள்ள உயிர்கள் எல்லாம் அங்கே உண்டு. செயின்ட் ஜான்ஸ், சிஸ்டர்ஸ் போன்ற தென் தீவுகளில் கடையும் இல்லை, மருந்தகமும் இல்லை.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். எழுதினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். எழுதினால் பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான்: இன்ஹேலர் உங்கள் பையில் ஒன்று, ஆசிரியர் பையில் ஒன்று.

காலையில நாலு மணிக்கு எதுக்கு வரச் சொல்றாங்க? பத்து மணிக்குப் போனா கடல் ஓடியா போயிடும்?

ஓடிப்போகாது, திரும்பி வந்துவிடும். அதுதான் சிக்கல். சிங்கப்பூரில் பொதுவாக ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றும். ஆனால் எல்லா வற்றமும் ஒரே அளவு இல்லை. பவளத்திட்டு நன்றாக வெளியே தெரிய, ஓத அட்டவணையில் (கடல் ஏறி வற்றும் நேரமும் அளவும் தரும் பட்டியல்) நீர்மட்டம் சுமார் 0.4 மீட்டர் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே கிடைக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தாலே பயணத் தேதி ஏன் அந்த வாரத்தில் விழுந்தது என்று புரிந்துவிடும்.

நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆண்டின் நடுப்பகுதியில் ஆழமான வற்றம் விடியலுக்கு முன்னால் வருகிறது. ஆண்டு இறுதியில் மாலையிலும் இரவிலும் வருகிறது. அதனால்தான் ஜூன் விடுமுறைப் பயணம் இருட்டில் தலைவிளக்கோடு தொடங்குகிறது, டிசம்பர்ப் பயணம் இருட்டில் முடிகிறது. நாலு மணிக்கு எம்ஆர்டி ரயில் ஓடாது. படகுத்துறைக்கு எப்படி வருவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒரே பேட்டையில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு டாக்சி பிடிப்பது வழக்கம். பத்து நிமிடம் தாமதித்தால் படகு பத்து நிமிடம் காத்திருக்கலாம், கடல் காத்திருக்காது.

தண்ணி எத்தனை மணி நேரம் வத்தியிருக்கும்? திரும்பணும்னு எப்படித் தெரியும்?

மிகக் கீழே போகும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இறங்குவார்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கரைக்கு நடக்கத் தொடங்குவார்கள். மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம். இறங்கும்போது நீரைத் துரத்திக்கொண்டு போகிறீர்கள், ஏறும்போது நீர் உங்களைத் துரத்துகிறது.

நீர் ஒரே வேகத்தில் ஏறாது. தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் ஒரு மணி நேரத்தில் 1 பங்கு, அடுத்ததில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. ஏற்றம் 3 மீட்டர் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் 25 செ.மீ., இரண்டாவதில் 50, மூன்றாவதில் 75. "இப்பத்தானே கணுக்கால் அளவு இருந்துச்சு" என்று அசந்து நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது மணி நேரத்தில். அதைவிட மோசமானது பின்னால் இருக்கும் வாய்க்கால். திட்டின் வெளி விளிம்பு உயரமாகவும் கரைக்கும் அதற்கும் நடுவில் பள்ளமாகவும் இருந்தால், நீங்கள் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே திரும்பும் வழி இடுப்பளவு ஆகியிருக்கும். விசில் ஊதினால் எண்ணிக்கொண்டிருக்கும் சட்டத்தை (உயிர்களை எண்ணத் தரையில் வைக்கும் சதுர ஃபிரேம்) பாதியில் விட்டுவிட்டு நடங்கள்.

நீச்சல் சுத்தமா தெரியாது. வரலாமா?

வற்றக் கடலில் நடக்கும் பயணத்துக்கு நீச்சல் தேவையில்லை. தியோமானில் ஸ்நார்கல் (வாயில் கடித்துக்கொள்ளும் மூச்சுக் குழாய்) போடும் பகுதிக்குத்தான் கேள்வி. பெரும்பாலான அமைப்பாளர்கள் மிதவை அங்கி கட்டாயம் என்பார்கள், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான். அங்கி போட்டுக்கொண்டு ஸ்நார்கலில் மூச்சு விடக் கற்றுக்கொள்ள இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் போதும். பயப்படுகிறவர்கள் செய்யும் தவறு, கடித்துப் பிடிக்க வேண்டிய ரப்பரை உதட்டால் மட்டும் பிடிப்பதும், மூக்கால் மூச்சு இழுக்க முயல்வதும். முடிந்தால் பயணத்துக்கு முன் சமூக நீச்சல் குளத்தில் ஒரு தடவை மாஸ்க்கோடு பழகிவிட்டு வாருங்கள்.

நீச்சல் தெரியாததைச் சொல்லாமல் மறைப்பது மட்டும் வேண்டாம். ஆசிரியர் இணை சேர்ப்பது அந்தத் தகவலை வைத்துத்தான்.

என்ன ஷூ போடணும்? கிராக்ஸ் போதாதா?

போதாது. சேறு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓட்டைகள் வழியே முள் நேராகக் காலுக்கு வரும். கணுக்காலை மூடும், தடித்த அடியுள்ள நியோப்ரீன் (ஒருவகை ரப்பர்) பூட்டீஸ் சிறந்தது. மெல்லிய அடியுள்ள "அக்வா ஷூ" நீச்சல் குளத்துக்குத்தான் சரி. பூட்டீஸ் வாங்க முடியாவிட்டால் கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் காலணியும் நீளமான காலுறையும் போதும். ஆனால் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த காலணி வேண்டாம்: நம் ஊர் ஈரப்பதத்தில் பசை செத்து, திட்டின் நடுவில் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். முதல் நாளே அடிப்பாகத்தை இழுத்துப் பாருங்கள்.

டிசம்பர்ல ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பேன். வெறும் காலோட வர முடியுமா?

முடியாது. எந்தப் பொறுப்பான அமைப்பாளரும் வெறுங்காலோடு திட்டில் இறக்க மாட்டார். ஏன் என்பதைக் கல்மீன் பற்றிய பதிலில் கீழே பாருங்கள். தோல் இல்லாத ரப்பர், துணிக் காலணி பரவாயில்லையா என்பதை மாலை போடும் முன்பே உங்கள் குருசாமியிடம் கேட்டுவிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; கரையிலிருந்து செய்யும் நீர்த்தர அளவீடு, தரவுப் பதிவு போன்ற வேலைகளைக் கேட்டு வாங்கலாம். படகுத்துறையில் வந்து சொல்வதுதான் எல்லாருக்கும் தொல்லை.

பையில என்னென்ன வேணும்?

தோல் எரியாமலும் தண்ணீர் குறையாமலும் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நீண்ட கை ராஷ் கார்ட் (நீச்சல் மேலாடை), நீண்ட கால்சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, அரை நாளுக்கு 2 லிட்டர் குடிநீர். உடை மூடாத இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் இல்லாததாகப் பார்த்து, நீரில் இறங்க அரை மணி நேரம் முன்பே தடவுங்கள். தலைவிளக்கு, மாற்று மின்கலம், விசில், மழை அங்கி. குடை வேண்டாம்.

எழுத 2பி பென்சில். பேனா மை ஈரத்தில் கரையும். ஜெல் பேனாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பென்சிலைக் கயிற்றால் பலகையில் கட்டுங்கள். தொலைபேசிக்கு நீர்புகா உறை. அதைப் போடும் முன் உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பார்ப்பது நல்லது. தென் தீவுகளில் சில இடங்களில் தொலைபேசி தானாகவே இந்தோனேசிய அலைவரிசைக்கும், உபினில் மலேசிய அலைவரிசைக்கும் தாவும். டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அப்பா கேட்பார்.

தங்கச் சங்கிலி, மோதிரம், கொலுசு வீட்டிலேயே இருக்கட்டும்.

கண்ணாடி போடுறேன். மாஸ்க் எப்படி?

மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது. அதன் காது, விளிம்பை உடைத்துத் தண்ணீரை உள்ளே விடும். பவர் லென்ஸ் உள்ள மாஸ்க் முக்குளிப்புக் கடைகளில் 0.5 இடைவெளியில் கிடைக்கும். உங்கள் அளவுக்குச் சற்றுக் குறைந்ததை எடுத்தாலும் சரி, நீருக்குள் பொருள்கள் பெரிதாகத்தான் தெரியும். காண்டாக்ட் லென்ஸ் என்றால் ஒரு நாள் மட்டும் பயன்படுத்தி எறியும் வகை போடுங்கள். மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் கண்ணை மூடுங்கள். வெளியே வந்ததும் கழற்றி எறியுங்கள். கடல்நீர் பட்ட லென்ஸை இரவெல்லாம் போட்டிருப்பது கண்ணுக்குக் கெடுதல்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் பனி படரும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நீர் கலந்த பேபி ஷாம்பூ ஒரு சொட்டு போதும்.

தலைக்கு எண்ணெய் வச்சுப் பின்னிட்டு வரலாமா? ஹிஜாப் போட்டுட்டு ஸ்நார்கல் போடலாமா?

இரண்டுக்கும் பிரச்சினை ஒரே இடத்தில்: மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு நேரடியாகத் தோலில் உட்கார வேண்டும். நெற்றியில் ஒரு கற்றை முடியோ துணி மடிப்போ நடுவில் வந்தால் நீர் கசியும். தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் மாஸ்க் வழுக்கும், கண்ணாடியும் மங்கும். அன்று எண்ணெய் வேண்டாம். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள், பட்டை அதற்கு மேலே உட்காரும். ஹிஜாபுக்கு நீச்சலுக்கான இறுக்கமான வகை சரி. முதலில் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, நெற்றி விளிம்பைத் துணிக்கு அடியில் இருந்து வெளியே இழுத்துவிட்டு, பிறகு பட்டையைத் துணிக்கு மேல் போடுங்கள். தொழுகை நேரம் வற்ற நேரத்தோடு மோதுகிறதா என்று ஓத அட்டவணையை வைத்து முன்பே பார்த்துக் குழுத் தலைவரிடம் சொல்லிவிடலாம்.

நான் சுத்த சைவம். தீவுல என்ன சாப்பிடுறது?

தென் தீவுகளுக்கு எல்லாமே கையோடு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி, பொடி தடவிய இட்லி தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் வெயிலில் தாங்காது. சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்; நள்ளிரவில் கட்டிய சோற்றைக் காலை ஒன்பதுக்குத் திறந்து சாப்பிட்டுவிட்டு ஓத அட்டவணையைக் குறை சொல்லக் கூடாது.

தியோமானில் காய்கறி கிடைக்கும், ஆனால் சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், நாசி லெமாவில் நெத்திலி இருக்கும். "காய் மட்டும்" என்று சொன்னால் போதாது; பெலாச்சான், நெத்திலி, இறால், முட்டை என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள், அதுவும் பதிவு செய்யும்போதே. பருப்புப் பொடி, ஊறுகாய், பொட்டலமிட்ட கடலை கைகொடுக்கும். இறைச்சி, முட்டைப் பண்டங்களை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள்.

அம்மா கேக்குறாங்க: ராத்திரி எங்க படுப்பீங்க, யாரு பாத்துக்குவாங்க?

தியோமானில் கிராமத்துச் சாலே (விடுதிக் குடில்) அறைகளில் மூன்று நான்கு பேராக. ஆண், பெண் தனித்தனி. ஆசிரியர்கள் அதே வளாகத்தில். அம்மாவிடம் காட்ட நான்கு தகவலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தங்குமிடத்தின் பெயர், பொறுப்பாசிரியர் எண், காப்புறுதி ஸ்நார்கலை உள்ளடக்குகிறதா, ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் நீரில் இருப்பீர்கள். கடைசித் தகவல் முக்கியம். அந்த நேரத்தில் நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் வீட்டில் பதற வேண்டியதில்லை.

இரவு வாழ்க்கை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரவு உணவு, தரவு உள்ளீடு, அடுத்த நாள் விளக்கம், தூக்கம். தியோமான் கடற்கரையில் மாலையில் மணல் ஈ கடிக்கும். கொசுவைப் போல உடனே தெரியாது, மறுநாள் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகிக் கடல்நீரில் எரியும். மாலையில் மணலில் உட்காராமல் இருப்பதும் காலை மூடுவதும்தான் நல்ல மருந்து. அறைக்கு வெளியே உணவை வைத்தால் குரங்கு எடுக்கும்.

அக்கா, பீரியட்ஸ் நேரத்துல தண்ணில இறங்கலாமா? சுறா வருமா?

இறங்கலாம். சுறா வராது. தியோமானில் ஆழமில்லாத இடத்தில் தென்படும் கரும்முனைச் சுறாக்கள் ஆளைக் கண்டால் விலகிப் போகிறவை.

ஸ்நார்கல் போடும்போது பேட் நீரை உறிஞ்சி ஊதிவிடும், பயன்படாது. டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப், நீச்சலுக்கான பீரியட் உடை இவற்றில் பழகியதைப் பயன்படுத்துங்கள். பயணத்தன்று முதல் முறையாக முயன்று பார்க்க வேண்டாம். வற்றக் கடலில் முழங்கால் அளவுக்குத்தான் நனைவீர்கள் என்பதால் பேட் போட்டும் சமாளிக்கலாம். திட்டில் கழிவறை இல்லை, இரண்டரை மணி நேரம் தாங்க வேண்டும். இறங்கும் முன் போய்விடுங்கள். பயன்படுத்தியதை எடுத்து வர ஒரு கறுப்பு ஸிப் பை வைத்திருங்கள். வயிற்றுவலி அதிகம் என்றால் ஓர் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்காமல் கரை வேலைக்கு மாற்றிவிடுவார்.

படகுல வாந்தி வரும். என்ன பண்றது?

மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் போவது குறுகிய பயணம், பெரும்பாலும் தொல்லை இருக்காது. மலேசியக் கரையில் உள்ள மெர்சிங்கிலிருந்து தியோமான் சுமார் இரண்டு மணி நேரம். மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். தூக்கம் தரும் வகை என்றால் இறங்கியதும் நீருக்குப் போகாதீர்கள். பின்பக்கத்தில், நடுவில் உட்காருங்கள், தொலைபேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், நெய்த்தோசையும் வேண்டாம்.

தியோமானுக்குப் பாஸ்போர்ட் தவிர வேற என்ன வேணும்? எப்ப போகலாம்?

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மாணவர் அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டுக்கு மலேசிய விசா வேண்டுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 2024 முதல் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அந்த அட்டை தேவையில்லை. ஒரே பேருந்தில் போகும் குழுவில் ஒருவர் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டால் எல்லாரும் படகைத் தவறவிடுவார்கள்.

மெர்சிங்கில் ஆற்றுவாய் ஆழமில்லாதது. அதனால் படகு நேரமே ஓதத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும் அல்லது நிற்கும், நீரும் கலங்கும். பள்ளிகள் பெரும்பாலும் மார்ச் முதல் செப்டம்பருக்குள் போவது அதனால்தான். கையில் ரிங்கிட் ரொக்கம் வைத்திருங்கள். தீவில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப வேண்டாம்.

ஏதாவது குத்திட்டா, கொட்டிட்டா என்ன செய்யணும்?

முதலில் குத்தாமல் இருக்க: கையால் எதையும் தொடாதீர்கள், பாறை இடுக்கில் விரலை விடாதீர்கள், மணலில் காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடங்கள். உரசலை உணர்ந்தால் திருக்கை நகர்ந்துவிடும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது.

கல்மீன், திருக்கை, வரிக்கெளிறு ஆகிய மீன்களின் நஞ்சு புரதத்தால் ஆனது. சூடு அதைச் சிதைக்கும். கல்மீன் பார்க்கப் பாசி படிந்த கல்லேதான். முதுகு முள் மெல்லிய காலணி அடியைத் துளைக்கும். காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் நீரில் அமுக்கி வைக்க வேண்டும். குழுவில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருப்பது தேநீருக்கு இல்லை, இதற்குத்தான். சூட்டைக் காயம்பட்டவர் காலால் பார்க்கக் கூடாது. வலியில் மரத்துப்போய் வெந்துவிடும். இன்னொருவர் கையால் பார்க்க வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

கடல் முள்ளெலி முள்ளைக் கல்லால் தட்டி நொறுக்கும் வைத்தியத்தைச் செய்யாதீர்கள். வெளியே நீட்டியிருப்பதை இடுக்கியால் எடுங்கள். ஆழத்தில் இருப்பதை மருத்துவரிடம் விடுங்கள். ஊதாக் கறை எல்லாம் முள் இல்லை, பல நேரம் சாயம்தான். பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் வினிகரை அரை நிமிடமாவது ஊற்றி, பிறகு இழைகளை இடுக்கியால் அகற்றுங்கள். நன்னீர் ஊற்றினாலும் துணியால் தேய்த்தாலும் வெடிக்காத கொட்டுசெல்களும் வெடிக்கும். சிறுநீர் யோசனையைச் சொல்பவரைக் கரைக்கு அனுப்பிவிடுங்கள்.

மழை வந்தா பரவாயில்ல, நனைஞ்சுதானே இருக்கோம்?

மழை பரவாயில்லை. மின்னல்தான் பிரச்சினை, பரந்த திட்டில் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் உடனே வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ராப் புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கிறது, அதாவது ஜூன் மாதத்து நல்ல வற்ற நேரத்திலேயே. எனவே பாதிப் பயணத்தில் திருப்பி அழைக்கப்படுவதை எதிர்பார்த்தே வாருங்கள். ரத்துக்கு வேறு காரணங்களும் வரும்: 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் எண்ணெய் கசிந்தபோது செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுக் கடற்கரைகள் மூடப்பட்டன.

கரையில கிடக்குற சிப்பி, செத்த பவளத்துண்டு எடுத்துட்டு வரலாமா? செத்ததுதானே?

வேண்டாம். காலியான சங்கு துறவி நண்டின் அடுத்த வீடு. செத்த பவளத் துண்டில் புதிய பவளம் ஒட்டி வளரும். சிஸ்டர்ஸ் தீவுகள் 2014-இல் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூரின் முதல் கடல் பூங்கா. தியோமானைச் சுற்றிய கடலும் பூங்காதான். அங்கிருந்து எதையும் எடுக்க அனுமதியில்லை. கடினப் பவளமும் ராட்சதச் சிப்பியும் செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. பெட்டியில் வைத்து எல்லை தாண்டினால் சிக்கல்.

ஆய்வுக்கு மாதிரி எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதை ஆசிரியர் முன்பே வாங்கியிருப்பார். அதில் எழுதியிருக்கும் உயிரும் அளவும் மட்டுமே எடுக்கலாம்.

பவளம் வெள்ளையா இருக்கு. "செத்தது"ன்னு குறிச்சுக்கலாமா?

முதல் நாளில் எல்லாரும் செய்யும் பிழை இது. பவளத்தின் திசுவில் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல் நீடித்துச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றும். திசு கண்ணாடிபோல் ஆகி உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அது உயிரோடுதான் இருக்கிறது, வெப்பம் தணிந்தால் மீளலாம். அருகில் குனிந்து பாருங்கள்: சிறு வாய்களும் வழவழப்பான திசுவும் தெரிந்தால் "வெளிறியது". கூர்மையான வெற்றுச் சுண்ணாம்பு மட்டும் தெரிந்தால் "அண்மையில் செத்தது". பச்சை, பழுப்புப் பாசி மயிர் படர்ந்திருந்தால் "செத்து நாளானது". மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. இன்னொன்று, சில பவளங்களின் வளரும் நுனி இயல்பாகவே வெண்மையாக இருக்கும்.

சிங்கப்பூரில் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளிறல் நடந்தது. அந்த ஆண்டுகளின் தரவோடு உங்கள் எண்ணை ஒப்பிடப் போகிறார்கள் என்றால் இந்தக் குறியீட்டில் சோம்பல்படக் கூடாது.

நம்ம கடல்ல ஒண்ணுமே தெரியலையே, இங்க உண்மையிலேயே பவளம் இருக்கா?

ஏறத்தாழ 250 வகைக் கடினப் பவளம் இருக்கிறது. நீர் கலங்கலாக இருப்பதற்குக் காரணம் பல்லாண்டு நில மீட்பும் தூர்வாரலும் கிளப்பிய வண்டல். அந்த வேலைகளில் பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காததால் மிஞ்சியவை மேலே சில மீட்டருக்குள்ளேயே நெருங்கி வளர்கின்றன. வற்றக் கடலில் நடந்தே இவ்வளவு பார்க்க முடிவது அதனால்தான்.

சட்டம் போட்டு எண்ணுறது என்ன பெரிய வேலை? எதுல தப்பு வரும்?

கடற்புல்லுக்கு வழக்கமான முறை: 50 மீட்டர் நாடா மூன்று, 25 மீட்டர் இடைவெளியில் இணையாக, ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒரு முறை 50 செ.மீ. சதுரச் சட்டம். பூஜ்ஜியத்தையும் சேர்த்து ஒரு நாடாவுக்கு 11, மொத்தம் 33 சட்டம். பவளத்துக்குப் பரவலான முறை: 100 மீட்டர் நாடாவில் 20 மீட்டர் துண்டுகள் நான்கு, நடுவில் 5 மீட்டர் இடைவெளி; ஒவ்வொரு 50 செ.மீ.யிலும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு குறிப்பு. ஒரு துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160.

தப்பு வரும் இடங்கள்: நாடா தளர்ந்து அலையில் ஆடுவது, சட்டத்தை ஒரு குழு நாடாவின் வலப்புறமும் இன்னொரு குழு இடப்புறமும் போடுவது, அழகான இடமாகப் பார்த்துச் சட்டத்தை அரை அடி நகர்த்துவது, எண்ணுவதற்கு முன்பே அந்த இடத்தில் நடந்து சேற்றைக் கலக்குவது. பரப்பு விழுக்காட்டைப் புதியவர்கள் ஏறக்குறைய எப்போதும் அதிகமாகத்தான் சொல்வார்கள். முதல் மூன்று சட்டங்களை எல்லாரும் சேர்ந்து பார்த்து, ஆளுக்கொரு எண்ணைத் தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுக் கண்ணைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒருவர் சொல்ல, எழுதுபவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றில் "பதினஞ்சு" "அம்பத்தஞ்சு" ஆகிவிடும்.

உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் கடலில் ஆயிரத்துக்கு 30-ஐ ஒட்டி வரும். மழைக்குப் பிறகு மேல்நீரை மட்டும் அள்ளினால் எண் ஏமாற்றும். ஒரு முழம் கீழிருந்து எடுங்கள்.

எங்க குழு எண்ணும் பக்கத்துக் குழு எண்ணும் ஒத்துப்போகல. நம்மளதை மாத்திக்கலாமா?

கூடாது. முதலில் முந்தைய பதிலில் உள்ள தப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: எந்தப் பக்கம், எந்த நாடா, யார் சொன்னது. சட்டத்தின் ஒளிப்படம் இருந்தால் அதிலிருந்து மறுபடி எண்ணலாம். ஒவ்வொரு சட்டத்தையும் எண் எழுதிய தாளோடு சேர்த்து நேர் மேலிருந்து படமெடுக்கச் சொல்வது இந்த நேரத்துக்காகத்தான். பிழை உறுதியானால் பழைய எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதியதும் காரணமும் உங்கள் பெயர்ச் சுருக்கமும் எழுதுங்கள்.

பிழை எதுவும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு எண்ணும் அப்படியே இருக்கட்டும். 25 மீட்டர் தள்ளி இன்னொரு கடற்புல் இருப்பது இயற்கைதான், அந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான் மூன்று நாடா. தாள்களை அன்றிரவே கணினியில் ஏற்றி, ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் சரிபார்த்த பிறகு, ஈரத் தாளை மின்விசிறிக்கு அடியில் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். ஆசிரியர் கேட்பது அந்தத் தாளைத்தான்.